கிம்ப்பில் தமிழ்த் தலைப்புக்கு ஓரக்கோடு போட்டால் கோடு எழுத்தையே தின்றுவிடுகிறது. என்ன வழி?

கரிசல்காடு எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காக ஏ3 அளவில் ஒரு சுவரொட்டி தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பின்னணியில் கண்மாய்க்கரைப் பனைமரங்களின் ஒளிப்படம் இருக்கிறது. அதன் மேல் "கோடை வாசிப்பு முகாம்" என்ற தலைப்பை வெள்ளை நிறத்தில் வைத்திருக்கிறேன். படத்தின் கீழ்ப்பாதி இருட்டாக இருப்பதால் அங்கே வெள்ளை எழுத்து நன்றாக எடுபடுகிறது. ஆனால் தலைப்பு விழும் மேல்பாதியில் வெளுத்த வானமும் மேகமும் மாறி மாறி வருவதால், "வாசிப்பு" என்ற சொல்லில் பாதி எழுத்துகள் வானத்தோடு கரைந்துவிடுகின்றன. எழுத்தைச் சுற்றிக் கருநீலத்தில் ஓர் ஓரக்கோடு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பைப் பயன்படுத்துகிறேன். எழுத்து லேயரின் (படத்தின் மேல் தனி அடுக்காக நிற்கும் எழுத்தின்) மேல் வலச்சொடுக்கி, எழுத்தின் வடிவத்தையே தேர்வாக்கும் "ஆல்ஃபா டு செலக்‌ஷன்" கொடுத்து, பிறகு எடிட் பட்டியலில் "ஸ்ட்ரோக் செலக்‌ஷன்" வழியாக 10 பிக்சல் தடிமனில் கோடு போட்டேன். கோடு வந்தது, ஆனால் எழுத்து மெலிந்துபோயிற்று. "டை"யில் உள்ள இணைக்கொம்பின் சுழிகள் அடைத்துக்கொண்டன, "ம்" மேல் உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது, பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டின் விளிம்பும் படிக்கட்டுப் போலத் தெரிகிறது. இதற்கெல்லாம் மேலாக, தலைப்பைத் திருத்தலாம் என்று அந்த லேயரைச் சொடுக்கினால், இந்த லேயர் மாற்றப்பட்டிருக்கிறது, திருத்தினால் அந்த மாற்றங்கள் போய்விடும் என்று எச்சரிக்கை வருகிறது. மழைக்காலத்திலும் இதே சுவரொட்டியைத் தலைப்பை மட்டும் மாற்றிப் பயன்படுத்தும் எண்ணம் இருப்பதால், எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். எழுத்துரு பலூ தம்பி. வேறு மென்பொருளுக்கு மாறினால்தான் முடியும் என்றால் அதற்கும் அணியமாக இருக்கிறேன்.

நெய்தல்நிலம் எழுதியது:

வணக்கம் நண்பரே. மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். ஸ்ட்ரோக் செலக்‌ஷன், தேர்வின் விளிம்பை நடுவாக வைத்து இருபுறமும் பாதிப் பாதியாகக் கோடு போடும். நீங்கள் கொடுத்த 10 பிக்சலில் 5 பிக்சல் எழுத்துக்கு வெளியேயும் 5 பிக்சல் எழுத்தின் உடலுக்குள்ளேயும் விழுந்திருக்கிறது. எழுத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விளிம்புகள் உண்டல்லவா? ஆகவே ஒவ்வொரு கோடும் 10 பிக்சல் மெலிந்துவிட்டது. அதையும் எழுத்து லேயரின் மேலேயே வரைந்ததால்தான் அது திருத்தக்கூடிய எழுத்தாக இல்லாமல் போயிற்று. ஓரக்கோடு எழுத்துக்குக் கீழே, தனி லேயரில் இருக்க வேண்டும். எழுத்தை அதன் மேல் முழு உடலோடு உட்கார வைத்தால் உள்ளே விழும் பாதி கண்ணுக்கே தெரியாது.

2.10 பதிப்பில் இதற்கு நான் வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறேன். எழுத்து லேயரில் ஆல்ஃபா டு செலக்‌ஷன் கொடுங்கள். செலக்ட் பட்டியலில் தேர்வை விரிவாக்கும் "குரோ" என்பதைத் தேர்ந்து, கோடு எவ்வளவு தடிமனாக வேண்டுமோ அந்த அளவைப் பிக்சலில் கொடுங்கள். பிறகு படத்தின் முழு அளவில் ஒரு வெற்று லேயரை உருவாக்கி, அதை எழுத்து லேயருக்குக் கீழே இழுத்துவிட்டுக் கருநீலத்தால் நிரப்புங்கள். புதிய லேயர் முழு அளவில் இருப்பது முக்கியம். எழுத்து லேயரின் எல்லை எழுத்தை ஒட்டியே முடிந்துவிடும் என்பதால், அதே அளவில் லேயரை எடுத்தால் ஓரக்கோடு ஒரு பக்கத்தில் கத்தரித்தது போல நின்றுவிடும். நிரப்புவதற்கு முன் "ஃபெதர்" கொடுத்து 1 பிக்சல் மென்மைப்படுத்தினால், குரோவினால் வரும் படிக்கட்டு விளிம்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

சுழிகள் அடைபடுவது வேறு சிக்கல்; அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குரோ கொடுக்கும்போது தேர்வு வெளிப்பக்கம் மட்டும் விரிவதில்லை, சுழிகளின் உட்புற வெற்றிடத்துக்குள்ளும் நான்கு பக்கமிருந்தும் நுழைகிறது. இணைக்கொம்பின் சுழிக்குள் 20 பிக்சல் அகலம் இருக்கிறது என்றால், 10 பிக்சல் ஓரக்கோடு அதை முழுவதும் மூடிவிடும். 8 பிக்சல் கொடுத்தால் நடுவில் 4 பிக்சல் அகலத்துக்கு வானம் ஒரு பொட்டுப் போல எட்டிப் பார்க்கும். இந்தப் பொட்டுதான் அசிங்கம். சுழி முழுவதும் மூடியிருப்பது அவ்வளவு மோசமில்லை. எழுத்து வெள்ளை, ஓரம் கருநீலம் என்னும்போது, மூடிய சுழி வெள்ளை எழுத்துக்குள் கருநீலப் பள்ளமாகத் தெரியுமே தவிர எழுத்தின் வடிவம் கெடாது. ஆகவே, ஒன்று சுழியின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாத மெல்லிய கோடாகப் போடுங்கள். இல்லையென்றால் நன்றாகத் தடிமனாகப் போட்டு, செலக்ட் பட்டியலில் உள்ள "ரிமூவ் ஹோல்ஸ்" கொடுத்து எல்லாச் சுழிகளையும் ஒரே சீராக மூடிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் வம்பு.

கரிசல்காடு எழுதியது:

மிக்க நன்றி. கீழ் லேயரில் நிரப்பியதும் எழுத்து முழு உடலோடு நிற்கிறது. ரிமூவ் ஹோல்ஸ் கொடுத்துப் பார்த்ததில் "டை"யும் தெளிவாகவே படிக்க முடிகிறது. ஆனால் ஓர் ஐயம். தலைப்பில் உள்ள எழுத்தை மாற்றினால் கீழே நிரப்பிய ஓரம் பழைய எழுத்துக்கானதாகவே இருக்கும் அல்லவா? ஒவ்வொரு முறையும் அதை அழித்துவிட்டு மறுபடியும் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

நெய்தல்நிலம் எழுதியது:

2.10 பதிப்பில் இல்லை; மறுபடியும் செய்யத்தான் வேண்டும். அந்தக் காரணத்துக்காகவே 3.0 பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பேன். 2025 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பதிப்பில் ஃபில்டர்கள் லேயரை அழிக்காமல் அதன் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எழுத்தை மாற்றினால் ஃபில்டரும் தானாகவே புதிய எழுத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது.

ஓரக்கோட்டுக்கு நான் பயன்படுத்துவது, பலரும் நிழலுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கும் "டிராப் ஷேடோ" ஃபில்டரைத்தான். ஃபில்டர்ஸ் பட்டியலில் "லைட் அண்ட் ஷேடோ" பகுதியில் அது இருக்கிறது. நிழல் தள்ளிப்போகும் தூரத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் இரண்டையும் 0 ஆக்குங்கள். "பிளர் ரேடியஸ்" அளவையும் 0 ஆக்குங்கள். "குரோ ரேடியஸ்" என்பதில் கோட்டின் தடிமனைக் கொடுத்து, நிறத்தைக் கருநீலமாக்கி, ஒபாசிட்டியை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, முழுமையாக வைத்தால், நிழல் எழுத்துக்கு நேர் கீழே நின்று ஓரக்கோடாகிவிடும். விரியும் வடிவத்தை வட்டம், சதுரம், வைரம் என்று மூன்று விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். பலூ தம்பி போன்ற உருண்ட எழுத்துருவுக்கு வட்டம்தான் பொருந்தும். சதுரத்தைத் தேர்ந்தால் வளைவுகளின் மேல் மூலை முளைக்கும். உரையாடல் பெட்டியில் உள்ள "மெர்ஜ் ஃபில்டர்" என்ற கட்டத்தில் மட்டும் குறியிடாதீர்கள். இட்டால் ஃபில்டர் லேயரோடு கலந்து பழைய கதையே திரும்பும்.

3.0 பதிப்பின் எழுத்துக் கருவியிலேயே அவுட்லைன் வசதியும் தனியாக வந்திருக்கிறது. நிரப்பிய எழுத்து, ஓரம் மட்டுமுள்ள எழுத்து, இரண்டும் சேர்ந்தது என்று தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அங்கே தடிமனைக் கூட்டும்போது எழுத்து மெலிகிறதா என்று 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். தடித்த கோடு வேண்டுமானால் ஷேடோ வழிதான் எனக்குக் கைவந்தது.

மேல்விலங்கு எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவை சரியான வழிகளே. ஆனால் அச்சுக்குப் போகும் தலைப்பைப் பிக்சலில் செய்வதே எனக்கு உடன்பாடில்லை. ஒளிப்படத்தை மட்டும் கிம்ப்பில் திருத்தி எடுத்துக்கொண்டு, அதைக் கோட்டு வடிவங்களாகவே வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் வைத்து, தலைப்பை அங்கே எழுதுங்கள். எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட், கன்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் "ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்" பலகை திறக்கும். அதில் ஸ்ட்ரோக்கின் நிறத்தையும் தடிமனையும் கொடுத்தால் ஓரக்கோடு வந்துவிடும். எழுத்தை எத்தனை முறை மாற்றினாலும் கோடு கூடவே மாறும். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிராது.

அங்கேயும் ஸ்ட்ரோக் விளிம்பின் நடுவில்தான் விழும் என்பதால், எழுத்தைத் தின்னும் சிக்கல் முதலில் வரத்தான் செய்யும். அதே பலகையின் ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில், கீழே "ஆர்டர்" என்று சில சின்னங்கள் இருக்கின்றன. ஸ்ட்ரோக் (கோடு) முதலில், ஃபில் (உள்நிரப்பு) அதன் மேல் என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே விழும் பாதி மறைந்துவிடும். வெளியே 10 அலகு தெரிய வேண்டுமானால் தடிமனை 20 என்று கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துகளுக்கு இந்த வரிசை மாற்றம் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. உங்கள் தலைப்பில் உள்ள "சி"யை எடுத்துக்கொள்ளுங்கள். பல எழுத்துருக்களில் "ச" தனி வடிவமாகவும் மேல்விலங்கு என்னும் இகரக் குறி தனி வடிவமாகவும் இருந்து, சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். சாதாரணமாக எழுதும்போது இது தெரியாது. ஓரக்கோட்டை எழுத்துக்கு மேலே போட்டால் இரண்டு வடிவங்களுக்கும் தனித்தனியாகக் கோடு விழுந்து, "சி"யின் தலையில் வெட்டுப்பட்டது போல ஒரு குறுக்குக்கோடு தெரியும். எடையை விருப்பப்படி கூட்டிக் குறைக்கும் வேரியபிள் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குள்ளேயே இப்படி வடிவங்கள் ஏறி நிற்பதுண்டு என்பதால் அங்கே இது அதிகம். ஃபில் மேலே இருந்தால் அந்த உட்கோடுகள் எல்லாம் மூடப்பட்டுவிடும். உள்ளே வெறுமையாக, ஓரம் மட்டும் தெரியும் எழுத்து வேண்டும் என்றால் அந்தச் சலுகை கிடையாது. அப்போது எழுத்தின் ஒரு நகலை எடுத்துப் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி, "யூனியன்" கொடுத்து எல்லா வடிவங்களையும் ஒன்றாக்கிய பிறகே கோடு போட வேண்டும்.

இணைப்பு வகையையும் கவனியுங்கள். "மைட்டர்" என்பதில் இருந்தால், எழுத்தின் கூர்மையான முனைகளில் கோடு முள் போல நீண்டு வெளியே குத்தி நிற்கும். "ரவுண்ட்" ஆக்கினால் முனைகள் மழுங்கி, எழுத்தோடு இசைந்து போகும். கிம்ப்பில் எழுத்தைப் பாத் ஆக்கி ஸ்ட்ரோக் பாத் கொடுப்பவர்களுக்கும் இதே தேர்வு உண்டு.

முடிவில் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்தைப் பாத் ஆக மாற்றும் விருப்பத்தைத் தேர்ந்துவிட்டால், அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் தொல்லை வராது. திருத்துவதற்கான கோப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுமை எழுதியது:

அச்சகத்தில் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் பிக்சல் கணக்கிலேயே பேசுகிறீர்கள். காகிதத்தில் அது எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஏ3 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் எடுத்தால் அகலம் 3508 பிக்சலும் உயரம் 4961 பிக்சலும் வரும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். ஆகவே உங்கள் 10 பிக்சல் கோடு தாளில் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. சுவரில் ஒட்டியதைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கோடாகவே தெரியாது. எழுத்தின் விளிம்பு கொஞ்சம் அழுத்தமாக இருப்பது போல மட்டும் தோன்றும். அந்த அளவு அழுத்தமே போதும் என்பது வேறு. ஆனால் திரையில் முழுத்தாளையும் அடக்கிப் பார்த்துக்கொண்டு தடிமனை முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டிலோ நூலகத்திலோ உள்ள சாதாரண பிரின்டரில் தலைப்பை மட்டும் உண்மை அளவில் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். இதே கோப்பைப் பிறகு 6 அடிக்கு 4 அடி ஃபிளெக்ஸுக்குப் பெரிதாக்கினால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். ஃபிளெக்ஸை 72 டிபிஐயில் எடுத்தால் ஒரு பிக்சலே 0.35 மில்லிமீட்டர், அங்கே 12 பிக்சல் கோடு 4 மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருநீலம் என்று திரையில் தேர்ந்தெடுப்பது ஆஃப்செட் அச்சில் இரண்டு மூன்று மைகள் சேர்ந்துதான் வரும். தகடுகள் தலைமுடி அளவு விலகினால்கூட, மெல்லிய ஓரத்தின் ஒரு பக்கத்தில் இளஞ்சிவப்போ நீலமோ பிசிறாகத் தெரியும். கிம்ப்பில் கறுப்பு என்று தேர்ந்ததும் அச்சுக்குரிய நான்கு மை முறையான சிஎம்ஒய்கே ஆக மாறும்போது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடும் என்பதால் அதிலும் இதே தொல்லை உண்டு. எண்ணிக்கை குறைவாக இருந்து டிஜிட்டல் முறையில் அடிப்பதாக இருந்தால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கில் ஆஃப்செட்டில் அடிப்பதாக இருந்தால், ஒளிப்படத்தைத் தலைப்பு இல்லாமல் கொடுத்துவிட்டு, தலைப்பை எங்கள் பக்க வடிவமைப்பில் வைத்து, அதன் ஓரத்தைக் கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடு என்று வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் தெரியுமானால் அதில் நீங்களே செய்துவிடலாம். அது சிஎம்ஒய்கேயை நேரடியாகவே கையாளும்.

எழுத்துருவைப் பற்றி ஒரு கருத்து. ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பலூ தம்பி ஏற்கெனவே தடித்த எழுத்து. தடித்த எழுத்துக்குத் தடித்த ஓரம் போட்டால் மீசைக்கு மேல் மீசை வரைந்தது போலத்தான் இருக்கும். கட்டமரன் அல்லது முக்தா மலர் எழுத்துருவில் நடுத்தர எடையை எடுத்துக்கொண்டால் சுழிகளுக்குள் வெற்றிடம் கூடுதலாகக் கிடைக்கும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையிலான இடைவெளியும் எளிதில் மூடாது. எழுத்துகளுக்கு இடையே சற்று இடைவெளி கூட்டுங்கள். அப்படிக் கூட்டும்போது "கோ"வில் கொம்பும் காலும் "க"வை விட்டுத் தனியே விலகி நிற்கவில்லை என்பதை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபுரப்புறா எழுதியது:

ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இந்தத் திரிக்கு வந்தால் உதவட்டும் என்று சுருக்கமாக எழுதுகிறேன். எழுத்து லேயரில் "லேயர் ஸ்டைல்", அதில் "ஸ்ட்ரோக்", அதன் "பொசிஷன்" என்பதில் "அவுட்சைட்" என்று தேர்ந்தெடுத்தால் கோடு எழுத்தைத் தொடாமல் வெளியே மட்டும் விழும். எழுத்தும் திருத்தக்கூடியதாகவே இருக்கும். அவுட்சைடில் மூலைகள் உருண்டுவிடும் என்பது தமிழுக்கு நல்லதே. "ட", "ப" போன்ற கட்டமான எழுத்துகளின் மூலை மட்டும் கூர்மையாக வேண்டும் என்பவர்களுக்கு அது குறையாகப் படலாம். பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் எழுதும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால் குறை எழுத்துருவில் இல்லை. அந்தப் பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குச் சென்று, எழுத்து இயந்திரத்தை இந்திய மொழிகளுக்கும் பொருந்தும் வகைக்கு மாற்றிவிட்டுப் புதிய கோப்பில் எழுதிப் பாருங்கள்.

கரிசல்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 3.0 பதிப்பை நிறுவி, கட்டமரன் எழுத்துருவில் தலைப்பை மாற்றி எழுதி, டிராப் ஷேடோ வழியாக 14 பிக்சல் ஓரம் கொடுத்தேன். "மழைக்கால வாசிப்பு முகாம்" என்று மாற்றிப் பார்த்ததில் ஓரமும் உடனே மாறிக்கொண்டது. ஐம்பது படிகள்தான் தேவை என்பதால் டிஜிட்டலிலேயே அடித்துக்கொள்வோம். இனி ஒன்றுதான் மிச்சம். தலைப்புக்குக் கீழே இடம், நேரம், தொடர்பு விவரங்கள் மூன்று வரிகளாகச் சிறிய எழுத்தில் வருகின்றன; அவற்றுக்கும் இதே ஓரத்தைக் கொடுத்தால் எல்லாம் நசநசவென்று ஆகிவிடுகிறது. ஓரத்தை 3 பிக்சலாகக் குறைத்தும் சரியாக வரவில்லை.

அச்சுமை எழுதியது:

சிறிய எழுத்துக்கு ஓரக்கோடே வேண்டாம். மூன்று வரிகளையும் படத்தின் இருண்ட கீழ்ப்பாதிக்கு இறக்கி, ஓரமில்லாத வெறும் வெள்ளையில் வையுங்கள். அங்கே இடம் போதவில்லை என்றால், வரிகளுக்குப் பின்னால் கருநீலத்தில் ஒரு பட்டையை 70 விழுக்காடு ஒபாசிட்டியில் போடுங்கள். பனைமரங்கள் அதன் வழியே மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும், எழுத்தும் படிக்கக் கிடைக்கும். வேலை முடிந்ததும் திருத்துவதற்கான கோப்பைக் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவிலேயே சேமித்துக்கொண்டு, அச்சுக்குப் பிஎன்ஜி அல்லது பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பை வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ஓரம்தான் முதலில் கலங்கும்.